முதலில் கேளுங்கள், பிறகு கேமராவை எடுங்கள்: வேலூர் வட்டாரச் சிறு கடைகளுக்குப் படமும் எழுத்தும் செய்து தர முழுமையான வழிகாட்டி

ஆம்பூர் பாணி பிரியாணி விற்கும் கடையின் பிளெக்ஸில் நீள நீளமான பாஸ்மதி அரிசி. உள்ளே இலையில் வருவதோ சீரகச் சம்பா. இதை எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். கடைக்காரர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பிளெக்ஸ் அடிப்பவர் இணையத்தில் கிடைத்த படத்தைப் போட்டுக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடை எதனால் பெயர் எடுத்ததோ அதையே அந்தப் படம் மறைத்துவிடுகிறது.

வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நல்ல சரக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆற்காடு மக்கன் பேடா, ஆரணிப் பட்டு, குடியாத்தம் லுங்கி, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பொருள்கள், கரிகிரி மண்பாண்டம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். இவற்றை விற்கும் சிறு கடைகளிடம் சரக்கைக் காட்டும் ஒரு நல்ல படமோ, அதைச் சொல்லும் நாலு நேரான வரியோ இருப்பதில்லை. அதைச் செய்து தருவதையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தக் கடைக்குத் தாமே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: படத்தை ஒருவரும் எழுத்தை இன்னொருவரும் தனித்தனியே செய்தால் இரண்டுமே பொதுவாகிவிடும். கேட்பது முதல் வேலை, எழுதிப் பார்ப்பது இரண்டாவது. படம் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: கடையைப் பற்றி அல்ல, வாடிக்கையாளரைப் பற்றிக் கேளுங்கள்

"உங்க கடையோட சிறப்பு என்னண்ணே?" என்று கேட்டால் வேலூர் கடைத்தெருவான லாங்கு பஜாரில் எந்தக் கடையிலும் ஒரே பதில்தான் வரும்: "தரம்தான் தம்பி." பதிலில் பொய் இல்லை, ஆனால் அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. கேள்வியை மாற்றுங்கள்.

"வர்றவங்க முதல்ல என்ன கேக்கறாங்க?" "எதை இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பறீங்க?" "எந்தச் சரக்கு எத்தனை மணிக்குத் தீர்ந்துடும்?" "எந்த வேலைய ஆள் வெச்சுச் செய்யாம நீங்களே செய்யறீங்க?" "ரொம்பத் தூரத்துல இருந்து வர்றவங்க எந்த ஊர்?" இந்த ஐந்துக்கும் கிடைக்கும் பதிலில்தான் கடை இருக்கிறது. பிரியாணிக்கடை பாயிடம் நாலாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "மிளகாய ஊற வெச்சு அரைக்கிறது நான்தான், தூள் போடறதே கிடையாது" என்பார். ஆம்பூர் பிரியாணியின் நிறமும் காரமும் அந்தக் காய்ந்த மிளகாய் விழுதில்தான் வருகின்றன. அதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். பிடித்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

போகும் நேரமும் முக்கியம். வியாபாரம் சூடாக இருக்கும்போது போனால் யாரும் பேச மாட்டார்கள். துணிக்கடைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெஸ்ஸுக்கு நாலு மணி வாக்கில், மண்டிக்குக் காலைச் சரக்கு இறங்கி முடிந்த பின். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் போய்க் காத்திருக்க வேண்டாம். முதல் சந்திப்பில் கேமரா பையிலேயே இருக்கட்டும். அரைமணி நேரம் ஓரமாக நின்று கல்லாவில் நடக்கும் பேச்சைக் கேட்டாலே, கேள்வியில் வராத பாதி விஷயம் வந்துவிடும்.

அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "பேடாவ ஜீரால ஊற விடணும்" என்று இனிப்புக் கடைக்காரர் சொன்னால், நோட்டில் "சர்க்கரைப் பாகில் பதப்படுத்தப்படுகிறது" என்று திருத்தி எழுதாதீர்கள்.

படி 2: படம் எடுக்கும் முன் முதல் வரைவை எழுதுங்கள்

நோட்டை வைத்துக்கொண்டு கடையைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அதை எந்தப் படம் காட்டும் என்று குறியுங்கள். "மிளகாயை ஊற வைத்து அரைக்கிறோம்" என்றால் ஊறும் மிளகாய்ப் பாத்திரம் ஒரு படம். "முதல் தேக்சா 11.30-க்குத் திறக்கும்" என்றால் தம் உடைக்கும் நொடி, அதாவது மூடி அடைத்து வேகவைத்த பிரியாணிப் பாத்திரமான தேக்சாவைத் திறக்கும் நொடி, ஒரு படம். எந்தப் படமும் காட்ட முடியாத வாக்கியம் இருந்தால் அது பெரும்பாலும் வெற்று வாக்கியம், அடித்துவிடலாம்.

இப்படிக் கிடைப்பதுதான் உங்கள் படப் பட்டியல். ஒரு சிறு கடைக்கு 12 முதல் 15 படங்கள் போதும். பட்டியல் இல்லாமல் போகிறவர் முந்நூறு படங்களோடு திரும்பி வருவார். கடைக்கு வெளியே எங்கே வண்டி நிறுத்துவது என்று காட்டும் ஒரு படம் அதில் இருக்காது.

படி 3: கருவி

பெரிய முதலீடு வேண்டாம். ஓரளவு நல்ல கைபேசி, ஒரு முக்காலி, ஒளியைத் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை, ஒளியை மென்மையாக்க ஒரு வெள்ளை வேட்டி. இவை போதும். பட்டு, நகை, தோல் என்று தொடர்ந்து செய்வதாக இருந்தால் ஒரு கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் வாங்கலாம். நிறம் சரி பார்க்கச் சாம்பல் அட்டை ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். விலை சொற்பம், பட்டுச் சேலை வேலையில் அது இல்லாமல் முடியாது.

படி 4: வெளிச்சம், சரக்கு, மனிதர்

வேலூர் வெயில் படத்துக்குக் கொடியது. காலை எட்டரைக்கு மேல் கடை முகப்பில் பாதி வெண்மையாக வெளுத்தும் பாதி இருட்டாகவும் விழும். முகப்பைக் காலையிலோ, மாலையில் விளக்கு போட்ட பிறகு வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும் அந்தக் கால்மணி நேரத்திலோ எடுங்கள். உள்ளே எடுக்கும்போது வாசலில் இருந்து வரும் பகல் ஒளியும் மேலே எரியும் எல்.இ.டி. ஒளியும் கலந்தால் சரக்கின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் போகும். விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது வாசல் ஒளியை மறைத்துவிடுங்கள். விளக்கில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

சாப்பாட்டுக்கு ஒளி பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். அப்போதுதான் ஆவி தெரியும், பருக்கை பருக்கையாகச் சம்பா அரிசி தெரியும். தம் உடைத்த ஒரு நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும், எனவே முன்பே காலித் தட்டை வைத்துக் கோணம் பார்த்து வையுங்கள். கூடவே வரும் கத்தரிக்காயையும் தயிர்ப்பச்சடியையும் விட்டுவிட்டால் அது ஆம்பூர்த் தட்டு ஆகாது. மக்கன் பேடா வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பழுப்பு உருண்டைதான். பாதியாக வெட்டி உள்ளே இருக்கும் முந்திரி, பாதாமைக் காட்டுங்கள். ஜீரா சொட்டும்போது எடுத்தால் இன்னும் நல்லது. எண்ணெய் தடவி மினுக்குவது, சாயம் சேர்ப்பது போன்ற ஸ்டூடியோ வித்தைகள் வேண்டாம். எடுத்து முடித்த தட்டை அப்படியே சாப்பிட முடிய வேண்டும்.

பட்டுச் சேலையில் நிறமே எல்லாம். தொலைபேசியில் அரக்கு என்று பார்த்து வாங்கியவருக்கு வீட்டில் மரூன் வந்து சேர்ந்தால் சேலை திரும்பி வரும். நேர் வெயில் படாத நிழலில், சாம்பல் அட்டையோடு முதல் படத்தை எடுத்து, அதைக் கொண்டு மற்றப் படங்களின் நிறத்தைச் சரி செய்யுங்கள். முந்தி, உடல், கரை மூன்றையும் தனித்தனியே காட்டுங்கள். ஜரிகை மின்னிக் கண்ணைக் கூசினால் வேட்டியை ஒளிக்கும் சேலைக்கும் நடுவில் பிடியுங்கள். சேலையின் மறுபக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். நெசவு தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

தோல் செருப்புக்கும் பைக்கும் ஒளி தாழ்வாக, பக்கத்திலிருந்து விழட்டும். தோலின் ரேகை எழும்பித் தெரியும். தையல், அடிப்பாகம், உள் அட்டை ஆகியவற்றை நெருக்கத்தில் எடுங்கள்.

மனிதர்களை எடுப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கஷ்டமானதும் அதுதான். கைகட்டி நேராக நிற்கச் சொன்னால் எல்லோரும் ரேஷன் அட்டைப் படம்போல ஆகிவிடுவார்கள். வேலையைச் செய்யச் சொல்லுங்கள். லுங்கி மடிக்கும் கை, தராசைப் பார்க்கும் கண், தறியில் உட்கார்ந்த முதுகு. தொழிலாளிகளிடம் முதலாளி சம்மதம் போதும் என்று நினைக்காதீர்கள். "அக்கா, உங்க படம் போன்ல வரும், சரியா?" என்று அவர்களிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் தெரியாமல் கையை மட்டும் எடுங்கள். கல்லாப்பெட்டியும் பூஜை மாடமும் படத்தில் வருவது சிலருக்குப் பிடிக்காது, அதையும் கேட்டுவிடுங்கள். கோட்டையைப் பின்னணியாக வைக்க ஆசைப்பட்டால் நினைவிருக்கட்டும், வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. முக்காலி வைத்து விளம்பரப் படம் எடுப்பதானால் முன் அனுமதி வாங்க வேண்டும்.

படி 5: ஆஸ்பத்திரித் தெருக்களுக்கு எழுதும்போது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழோடு வங்காளியும் இந்தியும் பலகைகளில் இருக்கும். மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகளும் கூட வருபவர்களும் வந்து நாள்கணக்கில் தங்குகிறார்கள். அங்குள்ள லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, டிராவல்ஸ் எல்லாமே சிறு தொழில்கள். உங்களுக்கு நிறைய வேலை அங்கேதான் கிடைக்கும்.

அங்கே படம் பார்ப்பவர் ரசிக்கப் பார்ப்பதில்லை. கவலையோடு பார்க்கிறார். லாட்ஜ் என்றால் பூப்போட்ட மெத்தை விரிப்பை எடுப்பதற்கு முன் மாடிப்படியை எடுங்கள். லிஃப்ட் உண்டா, சக்கர நாற்காலி உள்ளே வருமா, கழிவறை எந்த வகை, வெந்நீர் வருமா, அறையில் சமைத்துக்கொள்ளலாமா, அடுப்பும் பாத்திரமும் தருவார்களா, ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்து எத்தனை நிமிடம். இத்தனைக்கும் ஒவ்வொரு படம், ஒவ்வொரு வரி. நடக்கும் நேரத்தைக் கடைக்காரர் சொன்னபடி எழுதாமல் நீங்களே நடந்து பார்த்து எழுதுங்கள், அதுவும் வயதானவர் நடக்கும் வேகத்தில்.

வங்காளியில் எழுத வங்காளி தெரிந்த ஆளையே பிடியுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே பலகையில் ஏற்றுவது வந்தவரைக் குழப்பும், மருந்துக்கடை விஷயத்தில் ஆபத்தும் ஆகும். நோயாளிகளின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது, தெருவில் எடுத்ததாக இருந்தாலும்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் "சர்க்கரை வியாதி குணமாகும்னு போடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடன் வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்தவர் நம்முடைய ஒரு வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

படி 6: எழுத்தை முடிப்பது

இப்போது படங்களை எதிரே வைத்துக்கொண்டு வரைவைத் திருத்துங்கள். ஒரு மாதிரி:

"பாரம்பரியச் சுவை, உயர்ந்த தரம், நியாயமான விலை. ஒருமுறை வந்தால் மறுமுறையும் வருவீர்கள்."

இதை எந்த ஊரின் எந்தக் கடைக்கும் ஒட்டலாம். மாற்றினால்:

"சீரகச் சம்பா அரிசி. காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுது, மிளகாய்த்தூள் சேர்ப்பதில்லை. முதல் தேக்சா 11.30-க்குத் திறக்கும். கத்தரிக்காயும் தயிர்ப்பச்சடியும் உடன் வரும். ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்கு மேல் வருபவர்கள் போன் செய்துவிட்டு வரவும்."

இரண்டாவதில் பெருமை பேசும் ஒரு சொல்கூட இல்லை, ஆனால் வாயில் நீர் ஊறுகிறது. கடைசி வரியைச் சில முதலாளிகள் எடுக்கச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். தீர்ந்துபோகும் என்று சொல்லும் கடையை மக்கள் நம்புகிறார்கள், வந்து ஏமாந்து திரும்புபவரும் குறைவார்.

பொய் ஒன்றும் நுழையாமல் பார்ப்பது எழுதுபவரின் கடமை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரில் நெய்ததை ஆரணி என்று எழுதக் கூடாது. ரெக்சின் கலந்த செருப்பை முழுத் தோல் என்று எழுதக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

முகவரியையும் சரி பாருங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, வேலூர் மாவட்டத்திலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம், ஆரணி திருவண்ணாமலை மாவட்டம். பல பெட்டிகளிலும் பில் புத்தகங்களிலும் இன்னும் பழைய மாவட்டமே அச்சாகிக்கொண்டிருக்கிறது.

படி 7: அச்சுக்குக் கொடுக்கும்போது

நிறைய நல்ல எழுத்து இங்கேதான் கெடுகிறது. நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. டி.டி.பி. கடையில் இன்னும் பழைய எழுத்துரு இருக்கலாம். மாற்றும்போது கொம்பு இடம் மாறும், "கொ" உடைந்து நிற்கும், புள்ளி காணாமல் போகும். எழுத்தைத் தட்டச்சாக மட்டும் அனுப்பாமல், சரியாக அமைந்த பி.டி.எஃப். ஒன்றையும் கூடவே அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன் நேரில் போய்த் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவு.

ஏ4 அளவு நோட்டீசுக்கு 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 x 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

படி 8: கூகுள் வரைபடமும் வாட்ஸாப்பும்

சிறு கடைக்குத் தனி இணையதளம் முதல் தேவை அல்ல. வரைபடத்தில் கடை சரியான இடத்தில், சரியான நேரத்தோடு, உங்கள் படங்களோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கணக்கைக் கடைக்காரரின் எண்ணிலும் மின்னஞ்சலிலும் தொடங்குங்கள், உங்களுடையதில் அல்ல. விவரணைக்கு 750 எழுத்துகள்தான் இடம், ஆகவே முதல் இரண்டு வரியிலேயே சரக்கைச் சொல்லிவிடுங்கள். படங்கள் 720 x 720 பிக்சலுக்குக் குறையாமல், 5 எம்.பி.க்கு மேல் போகாமல் இருக்கட்டும். காசு கொடுத்தோ தள்ளுபடி கொடுத்தோ விமர்சனம் எழுத வைக்காதீர்கள். கூகுள் அதை அனுமதிப்பதில்லை.

வாட்ஸாப் பிசினஸில் பட்டியலை ஏற்றியதும், அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஐந்தாறு பதில்களை எழுதிச் சேமித்துக் கொடுங்கள். படி 1-இல் கேட்ட முதல் கேள்வி இங்கே பயன்படும்.

படி 9: கூலியும் எழுத்து ஒப்பந்தமும்

விலை சொல்லக் கூச்சப்படுபவர்கள் அதிகம். கணக்குப் போட்டுச் சொன்னால் கூச்சம் வராது. உதாரணத்துக்கு, மாதம் வீட்டுக்கும் கருவிக்கும் பயணத்துக்கும் சேர்த்து 35,000 ரூபாய் வேண்டும், 20 நாள் வேலை கிடைக்கும் என்றால் ஒரு நாள் கூலி 1,750. ஒரு கடைக்குக் கேட்க, எழுத அரை நாள், படத்துக்கு அரை நாள், திருத்தவும் ஏற்றவும் ஒரு நாள் என்று இரண்டு நாள் போனால் 3,500. அதற்குக் கீழே இறங்கினால் எதைக் குறைப்பது என்று சொல்லிக் குறையுங்கள்: "அஞ்சு படமும் மேப்பும் மட்டும் செய்யறேண்ணே." பாதியை முன்பணமாக வாங்குங்கள். செலவு கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை.

உரிமை விஷயத்தை இருவரும் புரிந்துகொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு அவரே முதல் உரிமையாளர். எழுத்துக்கு அப்படி இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் அல்லாத பட்சத்தில் எழுதியவரிடமே உரிமை இருக்கும், எழுத்து மூலமாக மாற்றிக் கொடுத்தால்தான் போகும். காலம் குறிப்பிடாமல் மாற்றிக் கொடுத்தால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். ஆகவே ஒரு பக்கத் தாளில் எழுதிவிடுங்கள்: எத்தனை படம், எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தம், யாருக்கு உரிமை, உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டலாமா. தமிழிலேயே எழுதுங்கள். கடைக்காரர் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

படி 10: கொடுத்த பின்

எல்லாப் படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு, கோப்புகளுக்குப் புரிகிற பெயர் வைத்துக் கொடுங்கள்: "முகப்பு_மாலை", "அரக்கு_முந்தி". மூன்று மாதம் கழித்து ஒரு மாலை போய்க் கல்லாவில் நில்லுங்கள். போனில் வழி கேட்பவர்கள் குறைந்தார்களா, படத்தைக் காட்டி "இதேதான் வேணும்" என்று கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். விலை மாறியிருந்தால் பட்டியலைத் திருத்துங்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆம்பூரில் ரம்ஜான், துணிக்கடைகளுக்கு ஆடியும் தீபாவளியும். இவற்றுக்கு ஒரு மாதம் முன்பே நேர மாற்றத்தையும் புதுச் சரக்கையும் கேட்டு வாங்கி ஏற்றிவிடுங்கள்.